போசிக்கு அடியில் இருந்த எழுத்து

வீரபாண்டி
12.8.1991

அன்புள்ள பேரன் திருமூர்த்திக்கு உன் அப்பாயி வேலாத்தாள் எழுதும் கடுதாசி. இங்கே நானும் உன் அப்பன் கிட்டுசாமியும் மாடு கன்றும் சுகம். அங்கே விடுதிச் சோறு உன் உடம்பில் ஒட்ட மாரியாத்தா துணை இருக்கட்டும்.

கண்ணு, ஜெயித்துவிட்டேன். முப்பத்திரண்டு வருசம். உன் அப்பனுக்குக் காது குத்தின அன்று ஊத்துக்குளியிலிருந்து வந்த என் ஓரகத்தி பொன்னாத்தா, பந்தி முடிந்ததும் 'வே' என்று என் பேர் வெட்டின, சோறாக்குகிற அலுமினியப் போசியைத் தூக்கிக்கொண்டு போய், என் எழுத்தை அரம் வைத்து ராவிவிட்டு மேலே 'பொ' என்று வெட்டிக்கொண்டாள். நான் சந்தையில் வேறு போசி வாங்கி என் பேரை வெட்டிக்கொண்டேன், அவள் வாசலை மட்டும் அப்புறம் மிதிக்கவில்லை. நீதான் சாமி எழுதினாய், உளி அடித்த இடம் உள்ளே வரைக்கும் நசுங்கிப்போகும், மேலே ராவினாலும் அடியில் நசுக்கல் இருக்கும், காஸ்டிக் மாதிரிக் காரம் பட்டால் அந்த இடம் மட்டும் வேறு மாதிரி அரிக்கும் என்று. எல்லா அலுமினியமும் ஒரே மாதிரி அரிக்காது, கலவையைப் பொறுத்தது என்றும் எழுதியிருந்தாய், அதை நான் கண்டுகொள்ளவில்லை.

வெள்ளிக்கிழமை நம் சாயப்பட்டறை அழகுமலையைக் காஸ்டிக் பாட்டிலோடு கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். பொன்னாத்தா அசரவில்லை. "தேச்சுப் பாருங்கக்கா, உங்க மனசு ஆறட்டும்" என்றாள். நான் குனிந்தேன். "ஆத்தா, கிட்ட வராதீக, தோலு உரிஞ்சு போகும்" என்று அழகுமலை கையுறை மாட்டிக்கொண்டு பஞ்சில் தொட்டுத் தடவினான். பொங்கிற்று, கறுத்தது. கழுவித் துடைத்தால் 'பொ'வுக்கு அடியில் மங்கலாக என் 'வே'! ஊரே எட்டிப் பார்த்தது. பொன்னாத்தா உட்கார்ந்துவிட்டாள். "என்னுது பந்தியில காணாமப் போச்சுங்கக்கா. வெறுங்கையோட போனா அத்தை என்ன சொல்லுவாங்களோன்னு பயந்துட்டனுங்க" என்று அழுதாள். அழட்டும் என்று விட்டேன். திருடின கையாலேயே இந்தப் போசியில் சோறாக்கிப் போட்டுவிட்டுப் போ என்று ஞாயிற்றுக்கிழமைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். பஸ்ஸில் எழுத்து வெளியே தெரிகிற மாதிரி போசியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன், கண்டக்டர்கூடப் படித்தான்.

உன் படிப்பு வீண் போகவில்லை. நல்லா சாப்பிடு, எண்ணெய் தேய்த்துக் குளி, உன் வாக்கு பொய்க்காமல் நூறு வருசம் இரு.

உன் அப்பாயி
வேலாத்தாள்

பின்குறிப்பு: மிச்சக் காஸ்டிக் வீணாகிறதே, யோக்கியமான போசி எப்படி இருக்கும் என்று உன் அப்பனுக்குக் காட்டலாம் என்று, சந்தையில் வாங்கின என் போசியிலும் அழகுமலையை விட்டுத் தடவச் சொன்னேன். 'வே'வுக்கு அடியில் 'பொ' வந்து நிற்கிறது. சந்தை, சந்தை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அப்படித்தான் ஞாபகம். அரம் யார் கையில் இருந்தது என்பது மட்டும் வரவில்லை. எனக்கு ஞாபகம் வராத சங்கதி உலகத்தில் இது ஒன்றுதான். உன் அப்பன் சிரித்துக்கொண்டே திரிகிறான். எழுத்தை வரவைக்க மருந்து சொன்னவனுக்கு மறைக்கத் தெரியாதா? ஞாயிற்றுக்கிழமைக்குள் பதில் வேண்டும், தந்தி அடித்தாலும் சரி.