படத்தில் இல்லாத பாகம்

கவலைப்படுவதில் எனக்கிருக்கும் சுறுசுறுப்பு படிப்பில் இருந்திருந்தால் ஒன்பதாம் வகுப்போடு நின்றிருக்க மாட்டேன். (பெயிலாகிவிடுவேனோ என்ற கவலையில்தான் நின்றேன்.) கவலைப்பட்டே நான் கெடுத்த காரியங்கள் ஏராளம். ஆனால் இந்தியாவின் மரச்சாமான் ஏற்றுமதியைக் கெடுத்தது ஒரே ஒரு முறைதான்.

திருத்தணியில், அரக்கோணம் சாலையில், அக்கா வீட்டுக்காரருக்குப் பட்டறை. அவரை நான் பாவா என்பேன். கட்டிலும் டீப்பாயும் செய்துகொண்டிருந்தவரைத் தேடி ஒருநாள் சென்னையிலிருந்து ஏற்றுமதி ஏஜெண்டு வந்தார். ஆஸ்திரேலியாக் கடைக்காரர் ஒருவர் மாதிரிக்கு ஆறு நாற்காலி கேட்கிறாராம். பிடித்துவிட்டால் மாதம் ஒரு கண்டெய்னர். ஒவ்வொரு நாற்காலியையும் கழற்றித் தனித்தனி அட்டைப்பெட்டியில் அடுக்கி, போல்ட்டு, அதை முடுக்கும் சாவி, எதை எங்கே மாட்டுவது என்று காட்டும் படம் எல்லாம் போட்டு அனுப்ப வேண்டும். வாங்குகிறவரே மாட்டிக்கொள்வார்.

"வியட்நாம்காரன் ரெடியா நின்னுகினு இருக்கான். நமக்கு இது ஒண்ணுதான் சான்ஸு. பூச்சி, புழு, விதை எது இருந்தாலும் அங்க மொத்தத்தையும் கொளுத்திடுவாங்க" என்றார் ஏஜெண்டு.

பேக்கிங் என் பொறுப்பு. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தைச் சூடேற்றி, பூச்சியில்லை என்று சான்றிதழும் வாங்கியாகிவிட்டது. இருந்தாலும் கப்பலில் ஒரு மாதமாயிற்றே? சிங்கப்பூரில் ஏதாவது பூச்சி ஏறிக்கொண்டால்?

மலையேறினேன். முருகன் பாதத்தில் வைத்த எலுமிச்சம்பழம் ஒன்றை வாங்கிக்கொண்டு பாதிப் படி இறங்கியவன், மற்ற ஐந்து பெட்டிகளின் கதி என்ன என்ற பயத்தில் மறுபடி ஏறி இன்னும் ஐந்து வாங்கினேன். பெட்டிக்கு ஒன்று, போல்ட்டுப் பைக்குள். யாரிடமும் சொல்லவில்லை. (சொன்னால் பலிக்காதாம்.)

நாற்பது நாள் கழித்து ஏஜெண்டு பாவாவின் போனில் வந்தார். பாவா ஸ்பீக்கரைப் போட்டார்.

"சேர் அருமையா இருக்காம். ஒரே ஒரு சந்தேகம் கேக்கறாங்க. பெட்டிக்கு ஒரு கறுப்பு உருண்டை இருக்காமே? படத்துல இல்லையாம். அதை எந்த ஓட்டையில மாட்டணும்?"

பாவா என்னைப் பார்த்தார். நான் பசை டப்பாவைப் பார்த்தேன்.

"இன்னா மச்சான் உருண்டை?"

"அது மாட்டறது இல்ல பாவா. சும்மா கூட இருக்கறது."

"சும்மான்னா?"

"சாமி பழம். பூச்சி வராம இருக்க."

போனில் ஏஜெண்டு மெதுவாகச் சொன்னார்: "அப்போ ஆறாவது உருண்டை மட்டும் ஏன் அசையுதுன்னு இப்போ புரியுது."

ஐந்து பழம் காய்ந்துபோயிருந்தன. ஆறாவதில் புழுக்கள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்தன. பூச்சியில்லாத மரத்துக்குத் துணையாகப் புழுவை நானே கப்பலேற்றி அனுப்பியிருக்கிறேன். விஷயம் தெரிந்து வந்த அந்த ஊர் அதிகாரிகள் நாற்காலி, பெட்டி, சான்றிதழ் எல்லாவற்றையும் கொளுத்திவிட்டார்கள். ஆர்டர் வியட்நாமுக்குப் போனது. பாவா டீப்பாய்க்குத் திரும்பினார். என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

போன மாதம் அக்கா ஆன்லைனில் ஒரு நாற்காலி வாங்கினாள். (பட்டறைக்காரன் பெண்டாட்டி!) பெட்டியில் 'வியட்நாம்' என்று இருந்தது. பாவா தரையில் உட்கார்ந்து பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். கால், முதுகு, எட்டு போல்ட்டு, சாவி. பிறகு காலிப் பெட்டியைத் தலைகீழாக உதறினார்.

"மச்சான், சரக்கு கொறையுது. பழத்தைக் காணோம் பாரு!"