பாண்டெலிஸ் பூசிய நீலம்

பூசி மெழுகுவோர் என்றொரு இனம் உண்டு. உலகெங்கும் பரவிக் கிடந்தாலும் கிரேக்க நாட்டின் பெராமா படகுத்துறையில்தான் கொழுத்து வளரும். கையில் தூரிகை, காதிடுக்கில் சிகரெட், வாயில் எந்நேரமும் ‘ஒண்ணுமில்லப்பா’. பாண்டெலிஸ் இந்த இனத்தின் திலகம். துருவைக் கண்டால் நீலம் பூசுவார், நீலத்தைத் துளைத்துக்கொண்டு துரு வந்தால் அதன்மேலும் நீலம் பூசுவார், இப்படியே அவருடைய இரும்புப் படகு ஆண்டுக்காண்டு குண்டாகிக்கொண்டே போனது. பார்வைக்கு என்ன குறைச்சல்?

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு மகள் கல்யாணம். மாப்பிள்ளையின் தீவுக்குப் பெண்வீட்டார் அத்தனை பேரும் அந்தப் படகில்தான் போகவேண்டும். அந்த நேரம் பார்த்து அடித்தட்டிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பியது. பாண்டெலிஸ் அசருவாரா? ஈஸ்டருக்காக மனைவி ஆர்கிரோ சிவப்புச் சாயமேற்றிய முட்டைகளில் ஒன்று உருண்டு உள்ளே விழுந்து அழுகியிருக்கும் என்று தீர்ப்பே சொல்லிவிட்டார்.

ஆர்கிரோவின் தம்பி ஸ்ட்ராட்டிஸ் வெல்டர். அவன் தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே தேங்கிய கடல்நீரில், காற்றுப் படாத கறுப்புச் சேற்றில், கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன, அவை விடும் மூச்சுதான் இந்த நாற்றம், அவைதான் இரும்பை அரிக்கின்றன, அத்தான் பூசும் நீலம் அவற்றுக்குப் போட்டுக்கொடுத்த கூரை என்றான். சுத்தியலால் தட்டிப் பார்த்துவிடலாம் என்றும் சொன்னான்.

“தட்டினா ஓட்டை விழுந்திடும்டா,” என்றார் பாண்டெலிஸ்.

ஆர்கிரோ எதைப் பொறுத்தாலும் தன் முட்டைமேல் விழுந்த பழியைப் பொறுக்கமாட்டாள். தம்பி கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டு விறுவிறுவென்று கீழே இறங்கினாள். முதல் அடியில் நீலம் பெயர்ந்தது. இரண்டாவது அடியில் சுத்தியலின் தலை கடலையே எட்டிப் பார்த்துவிட்டது.

“இதுதான் நான் வேகவச்ச முட்டையா?” என்றாள், பீய்ச்சியடித்த தண்ணீரில் நனைந்தபடி.

ஸ்ட்ராட்டிஸ் ஓட்டையில் மரக்கட்டையை அடித்துச் செருகினான். துறையில் இருந்தவர்கள் ஓடிவந்து படகைக் கரைக்கு இழுத்தார்கள். கல்யாணக் கூட்டத்தோடு நடுக்கடலில் இது நடந்திருந்தால்? பாண்டெலிஸ் மகளைக் கட்டிக்கொண்டு விக்கி விக்கி அழுதார். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு மச்சானிடம் மெதுவாகக் கேட்டார்:

“புதுத் தகட்டுக்கு வெளிர்நீலம் எடுப்பா இருக்குமாடா?”

சிரிக்கிறீர்கள். நல்லது, சிரியுங்கள். போன வாரம் சமையலறைத் தொட்டிக்கு அடியில் ஏதோ நாறுகிறது என்று உங்கள் வீட்டில் சொன்னார்களே, நீங்கள் குனிந்து பார்த்தீர்களா, ஊதுபத்தி ஏற்றினீர்களா?