நாலாம் நம்பர் மூங்கில்

பரிசோதனை நாளும் அதுவுமாகக் காலங்கார்த்தாலே பாக் சுகண்டா சுட்ட ஆட்டுக்கறி சாத்தேயைக் குச்சி குச்சியாக உருவித் தின்றுகொண்டிருந்தார். ஆட்டுக்கறி தின்றால் ரத்த அழுத்தம் ஏறும் என்பது எங்கள் பாண்டுங் ஊரில் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஏறட்டும் என்றுதான் தின்றார்.

வேன் ஓட்டுவதை விட்ட பிறகு சுவரையே பார்த்து உட்கார்ந்திருந்த மனிதர். அழுத்தம் அதிகம் என்று சுகாதார நிலையத்தார் முதியோர் ஆங்க்லுங் குழுவில் சேர்த்துவிட்டார்கள். ஆட்டினால் ஒலிக்கும் மூங்கில் வாத்தியம், ஆளுக்கு ஒரே சுரம். இவருக்கு நாலாம் நம்பர். இவர் ஆட்டாவிட்டால் பாட்டில் ஓட்டை. ஒரே வருஷத்தில் தூக்கம் வந்தது, தோள் அசைந்தது, சிரிப்பும் திரும்பியது. வினை, அழுத்தமும் இறங்கிவிட்டது. குணமானவர்கள் இடத்தைக் காலி செய்ய வேண்டும் என்று புது டாக்டர் சொன்னதாகத் தெருவெல்லாம் பேச்சு. (பரப்பியது நானில்லை.)

ஆட்டுக்கறிப் பக்கமே போகாதீர்கள் என்று தினமும் அதட்டும், குழுவுக்கு ஆங்க்லுங் சொல்லித்தரும் கிழட்டு வாத்தியாரம்மாவுக்கு மட்டும் தெரிந்தால் தொலைந்தார்.

"என்ன அபா, இப்படி வேர்க்குது?" என்றாள் மனைவி ஓனா. பெரியவர்களை எங்கள் ஊரில் 'அபா' என்றுதான் கூப்பிடுவோம்.

"பிரஷர் ஏறுது போல," என்றார் ஆசையாக.

பதறிப்போனவள் ஒரு செம்பு வெள்ளரிச் சாற்றை அவர் தொண்டையில் இறக்கினாள். வெள்ளரி அழுத்தத்தைக் குறைக்கும். அதுவும் குழந்தைக்குத் தெரியும்.

கோபப்பட்டாலாவது ஏறாதா என்று பார்த்தார். "உன் சமையலை மனுஷன் தின்பானா?"

"அடேயப்பா! போன வருஷம் பேச்சே கிடையாது. இப்ப வாயைப் பாரு!" ஓனா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்து தொலைத்தது.

சுகாதார நிலையத்துக்கு ஓடியே போனார். மூச்சுகூட வாங்கவில்லை.

"அருமை அபா! இளவட்டம் மாதிரி இருக்கு," என்றாள் நர்ஸ் லிலிஸ், கைப்பட்டையைக் கழற்றியபடி.

சுகண்டாவுக்குக் கண் கலங்கியது. "கொஞ்சம் கூட்டிச் சொல்லும்மா. அந்த மூங்கில்தான் என்னை மறுபடி மனுஷனாக்குச்சு. அதைப் பிடுங்கிடாதீங்க."

"யாரு பிடுங்குறா? புதுசா வர்றவங்களுக்கு இன்னொரு குழு ஆரம்பிக்கிறார் டாக்டர். நீங்க பாட்டுக்கு ஆட்டுங்க."

அவர் இரண்டு கையாலும் அவள் கையைப் பற்றிக்கொண்டார். "அல்லா உன்னை நல்லா வைக்கட்டும் தாயி! அநியாயமா ஆட்டை வேற தின்னு தொலைச்சேன்."

லிலிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள். "நீங்க மட்டுமா? காலையிலேருந்து உங்க குழுவே இதே நாத்தத்தோடதான் வருது. முதல் ஆளா வந்து கூட்டிச் சொல்லச் சொன்னதே உங்க வாத்தியாரம்மாதான்!"