மாடித் தூசியில் போட்ட டீ

கரிக் கிடங்கு மேலாளரே, நீங்கள் பொய் சொல்கிறீர்கள். போன வாரம் ஒரு கூட்டத்தில், "கிடங்குக்குக் கூரை போட்டது எங்கள் பெருந்தன்மை. தூசி எப்போதுமே வெளியே போனதில்லை" என்று பேசியிருக்கிறீர்கள். பம்பு நைனாவை மறந்துவிட்டீர்களா?

நிலக்கரியே இல்லாத ஊரில் நிலக்கரிச் சுரங்கம் நடத்திய ஆள் உலகத்திலேயே எங்கள் நைனா ஒருவர்தான். திருவொற்றியூரில் என் மளிகைக் கடைக்கு எதிர் வீடு. போர்வெல் போடுவார், அடி பம்பு ரிப்பேர் செய்வார். போன இடத்தில் பம்பைத் தவிர எல்லாவற்றையும் கழற்றுவார். என் கடை ஃபேனை ஒருமுறை கழற்றி மாட்டினார். அன்று முதல் அது கூரைக்குக் காற்று வீசுகிறது.

ஒருநாள் போனில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு ஓடிவந்தார். பூமிக்கு அடியில் இருக்கும் கரியை வெட்டவே வேண்டாமாம். அங்கேயே கொளுத்தி, ஒரு துளை வழியாகக் காற்றை உள்ளே தள்ளினால், இன்னொரு துளை வழியாக எரிகிற கேஸ் வருமாம். இரண்டு துளை என்றதும் நைனாவுக்குத் தன் தொழிலாகவே பட்டுவிட்டது.

இங்கே கரி கப்பலில் அல்லவா வருகிறது, அடியில் ஏது என்று கேட்டேன்.

"இன்னா அண்ணாச்சி, கப்பல்ல வந்து, லாரில ஏறி, காத்துல பறந்து, நம்ம மாடில குந்திகினு கீது. வெட்டுற வேலையே இல்ல."

தெருப் பெண்கள் மாடியில் பெருக்கிய கறுப்புத் தூசியை எல்லாம் வாங்கினார். களிமண்ணோடு பிசைந்து உருட்டிக் காயவைத்தார். குழியில் அடுக்கி, கொளுத்தி, தகரம் போட்டு மணலால் மூடினார். இரண்டு பைப்பு. ஒன்றில் பஞ்சர் கடைக் கம்ப்ரசர். முதல் முறை வந்தது வெறும் புகை. அவர் மனைவி காயப்போட்ட புடவைகள் மொத்தமும் கறுப்பு. இரண்டாவது முறை தீ அணையவே இல்லை. ஊற்றிய தண்ணீர் நாறியதுதான் மிச்சம். நாலு நாள் தெரு நாய்கள் அந்தச் சூட்டு மணலில்தான் படுத்தன.

"பத்த வைக்கத்தான் வீடியோ கீது அண்ணாச்சி. அணைக்கறதுக்கு இன்னும் வரல" என்றார்.

அப்போதுதான் கிடங்கை எங்கள் தெரு முனைவரை நீட்டப் போவதாகக் கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். ஏற்கெனவே என் மகளுக்கு வீசிங். கிடங்கு நீண்டால் கடையை மூடிவிட்டு ஊரைவிட்டே போவதாக முடிவு செய்திருந்தேன். நீங்கள் மைக்கைப் பிடித்து, ஒரு சிட்டிகைத் தூசிகூட வெளியே போவதில்லை என்றீர்கள். எங்களைப் பேசவிடவில்லை. டீ இடைவேளை விட்டீர்கள்.

டீ கொண்டுவந்தவர் நைனா. நீங்கள் ருசித்துக் குடித்தீர்கள். இன்னொரு கிளாஸ் கேட்டீர்கள்.

"டீ நல்லா கீதா சார்?"

"பிரமாதம்யா."

"எல்லாம் உங்க கரிதான் சார். எங்க மாடில பெருக்குனது. பின்னால அடுப்பு எரியுது, வந்து பாருங்கோ."

கூட்டம் நடத்திய அதிகாரி பார்க்கப் போனார். மண்டபமே பின்னால் போனது. அது விஷக் கேஸ் என்று நைனா எல்லாரையும் தள்ளி நிற்கவைத்தார். முந்தின நாளே அங்கே அவர் போட்டிருந்த மூன்றாவது குழி அது. மணலுக்குள்ளிருந்து வந்த பைப்பில் தீ நீலமாக எரிந்தது. மேலே டீ பாத்திரம். தூசி வரவில்லையென்றால் இது எதில் எரிகிறது என்று அதிகாரி உங்களைக் கேட்டார். உங்கள் கையில் இரண்டாவது கிளாஸ் இருந்தது.

கிடங்கு ஓர் அடிகூட நீளவில்லை. கரிக் குவியலுக்குக் கூரை வந்தது. என் மகள் இப்போது மாடியில் உட்கார்ந்து படிக்கிறாள். நாங்கள் ஜெயித்தோம்.

நைனா இப்போது கும்மிடிப்பூண்டியில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்த ஃபேனை நான் இன்னும் மாற்றவில்லை. போன் செய்தால் நலம் விசாரிக்க மாட்டார். "அந்த சாருக்கு சக்கரை போதுமா இருந்துச்சா அண்ணாச்சி?" என்றுதான் கேட்பார்.

எனக்குத் தெரியாது. குடித்தவர் நீங்கள். அதே மண்டபத்தில், அதே மைக்கில், ஊர் அறியச் சொல்லுங்கள்: அந்த டீ எப்படி இருந்தது?