இஸ்திரி அறையில் வட்டமாகப் போட்ட நாற்காலிகள்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நான், உன் அம்மா, என் ரத்த அழுத்தம் மூவரும் சௌக்கியம். உன் கல்வி ஆராய்ச்சியும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. நான் மேலாளராக இருக்கும் சலவை நிலையத்தில், இஸ்திரி அறை நாற்காலிகளை இனி வட்டமாகப் போடுவதென்று நீண்ட ஆலோசனைக்குப் பின் முடிவெடுத்தேன். இங்கு வேலை பார்க்கும், எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கு மாலை வகுப்பு நடத்தும்போது முன்வரிசை, பின்வரிசை என்ற ஏற்றத்தாழ்வு ஆகாது என்பது உன் கோட்பாடு. நடுவே தூண் இருந்ததால் பாதிப் பேருக்குக் கரும்பலகை தெரியவில்லை. மீதிப் பேர் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஏற்றத்தாழ்வு ஒழிந்தது.

எழுத்து வரிசையில் தொடங்காமல், கற்பவருக்குத் தேவையான சொல்லில் தொடங்கச் சொன்னாய். பூ, நிலா என்று ஏதாவது கேட்பார்கள் என்று நினைத்தேன். எல்லோரிலும் மூத்த அம்மாள், "லீவுன்னு எப்படி சார் எழுதறது?" என்றார். எழுதிக் காட்டினேன். "அப்புறம், பிரசவம்." "யாருக்கும்மா?" என்றேன். "சாருக்கு இல்ல, பயப்படாதீங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள். ஒரே சிரிப்பு. ஒருத்திக்கு வராததை இன்னொருத்தி சொல்லிக் குடுக்க, நானும் ஆகா, இதுதான் கூட்டுக் கற்றல்னு பூரிச்சுப் போயிட்டேன்மா.

எங்கள் நிலையத்தில் விடுப்பை எழுதித்தான் கேட்க வேண்டும். வாயால் கேட்பவரிடம், "எழுதிக் குடும்மா, பாக்கலாம்" என்பேன். இத்தனை ஆண்டுகளில் ஒரு விண்ணப்பமும் வந்ததில்லை. இவர்களுக்கு விடுப்பே தேவைப்படுவதில்லை என்று தலைமையகத்துக்குப் பெருமையாகத் தெரிவித்திருக்கிறேன்.

நேற்றுக் காலை என் மேசை நிறைய விண்ணப்பங்கள். மூத்த அம்மாள் எதிரில் நின்றார். "மூத்த பொண்ணு பிரசவத்துக்கு லீவு கேட்டப்ப எழுதிக் குடுன்னீங்க சார். கூட இருக்க முடியல. இப்ப சின்னவ. எழுதிட்டேன்."

எழுத்துப்பிழையைக் காட்டித் திருப்பி அனுப்பலாமென்று பார்த்தால், உடனுக்குடன் பிழை திருத்துவது கற்பவரின் தன்னம்பிக்கையைக் குலைக்கும் என்று நீயே எழுதியிருக்கிறாய். கையெழுத்துப் போட்டேன். அத்தனைக்கும்.

ஆகவே வகுப்பை மூடுகிறேன். அறிவிப்பும் ஒட்டிவிட்டேன். உன் கோட்பாடுகள் ஏற்கெனவே எழுதப் படிக்கத் தெரிந்தவர்களுக்கே ஏற்றவை. மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். நீ நீடூழி வாழ்க. கோட்பாடுகளைச் சற்றுக் குறைத்துக்கொண்டு வாழ்க.

இப்படிக்கு,
அப்பா

பின்குறிப்பு: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் சில நாள் ஓடிவிட்டது. முன்பெல்லாம் என் அறிவிப்புகளை யாரும் படித்ததில்லை. வகுப்பை மூடும் அறிவிப்பை இந்தப் பெண்கள் படித்துவிட்டுத் தலைமையகத்துக்கு எழுதிவிட்டார்கள். வகுப்பைத் தினமும் நடத்தும்படி எனக்கு உத்தரவு வந்திருக்கிறது. சின்னவளுக்குப் பெண் குழந்தை. மூத்த அம்மாள் கூடவே இருந்தாராம். இன்று விரிப்புகளுக்கு நான் இஸ்திரி போட்டேன்.