காருக்குக் கட்டிய காப்பு

முசரவாக்கம்,
ஆடி 17, சனிக்கிழமை.

மாகறல் ரைஸ்மில்காரர் வீட்டுச் சம்பந்தி, மதிப்பிற்குரிய சீனிவாசன் அவர்களுக்கு முசரவாக்கம் பூவராகவன் இரு கைகூப்பி எழுதிக்கொள்ளும் மடல்.

இவ்விடம் நான், என் மனைவி மணியம்மாள், ஆவணியில் தங்கள் வீட்டுக்கு மருமகளாக வரவிருக்கும் என் மகள் சுகாசினி, தாங்கள் நம்பி என்னிடம் ஒப்படைத்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஆகிய நால்வரும் நலம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாளும் மாப்பிள்ளை வசந்தும் நலமாக இருக்க எங்கள் எல்லையம்மன் துணை நிற்பாளாக.

நால்வரும் என்று மரியாதைக்காக எழுதினேன். மூவர் நலம்.

நாளை ஆடிப்பெருக்கு. தங்கள் தகப்பனார் அந்தக் காரை முதன்முதலில் மாகறலுக்கு ஓட்டிவந்த நாள் என்பதால், ஆடி பதினெட்டு அன்று அது துரு நீங்கி உங்கள் வாசலில் நிற்க வேண்டும், பார்க்கச் சொந்தபந்தம் எல்லாம் வரும் என்று நிச்சயதார்த்தத்தன்று சொன்னீர்கள். நானும் நிற்கும் என்றேன். "வாக்குதான் சம்பந்தி பெருசு, வாக்கு தவறுற வீட்டுல எங்க பரம்பரையில பொண்ணு எடுத்ததில்ல" என்றீர்கள். அதற்கும் தலையை ஆட்டினேன். நாளை கார் வராது. ஏன் வராது என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன். நடுவில் கோபம் வந்தால் ஒரு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடரவும்.

முதல் தப்பு நாதஸ்வரக்காரருடையது. பஸ் டெப்போவில் எனக்கு என்ன வேலை என்று தாங்கள் பந்தியில் கேட்டபோது, "ஸ்டோர்ஸ்" என்றுதான் சொன்னேன். அந்த நேரம் பார்த்து அவர் என் காதருகில் வந்து ஊதினார். தாங்கள் "ஸ்போர்ட்ஸா! நம்மகிட்ட ஒரு ஸ்போர்ட்ஸ் காரே இருக்குதே, அறுபத்தேழாம் வருஷத்து மாடல்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். இலையில் அப்போதுதான் பாயசம் விழுந்தது. பாயசம் ஓடும்போது ஒரு மனிதன் எவ்வளவுதான் மறுத்துப் பேச முடியும்? உண்மை என்னவென்றால் நான் முப்பத்தோரு வருஷம் அந்த டெப்போவில் உப்புத்தாளும் துரு தடுக்கும் ரெட் ஆக்சைடு பெயிண்டும் எடுத்துக் கொடுத்தவன். கொடுத்த கைதான் இது, தேய்த்த கை இல்லை. ஆனால் அத்தனை வருஷம் கண்ணால் பார்த்திருக்கிறோமே, துரு எடுப்பது என்ன பெரிய கம்பசூத்திரமா என்று நினைத்துவிட்டேன். சுகாசினி ஒரு தடவை, "அப்பா, நான் பாக்கட்டா?" என்று கேட்டாள். அவள் ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் பெயிண்ட் ஷாப்பில் ஏதோ பார்க்கிறாள். அது வேறே, இது வேறே. கல்யாணப் பொண்ணு, கையில் துரு ஏறினால் மருதாணி பிடிக்காது என்று சொல்லிவிட்டேன்.

வண்டி வந்த மறுநாள் உள்ளே விரித்திருந்த பாயைத் தூக்கினேன். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நான் விட்டேன். ஆழம் எங்கள் ஷெட்டுத் தரை வரைக்கும் இருந்தது. அந்த ஓட்டையை அடைக்க, கேட்டு கிரில்லெல்லாம் அடிக்கிற வேல்முருகனைக் கூப்பிட்டேன். தங்கமான பையன், ஆனா அவன் வெல்டிங் வச்ச இடமெல்லாம் தகரம் வெண்ணெய் மாதிரி உருகிப் போச்சு. கைமுறுக்கு சைஸ்ல இருந்த ஓட்டை அரைமணி நேரத்துல ஆளே எறங்கிப் போற வாசலாயிடுச்சு. "சார், தகரம் செத்துப்போச்சு சார், நல்ல தகரம் இருந்தா குடுங்க"ன்னான். நான் ரிட்டயர் ஆனப்ப ஞாபகார்த்தமா கொண்டாந்த பழைய பஸ் போர்டு ஒண்ணு இருந்தது, அதை வெட்டிக் குடுத்தேன். அதனால மாப்பிள்ளை கால் வைக்கிற இடத்துக்கு அடியில 'மகளிர் மட்டும்'னு எழுதியிருக்கும். கீழ படுத்துப் பாத்தாதான் தெரியும். சம்பந்தி வீட்டுக்காரங்க யாரும் கீழ படுக்கமாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை.

அடுத்தது ரெட் ஆக்சைடு. இதை மறைச்சேன்னா எனக்குச் சோறு இறங்காது. வேல்முருகன்கிட்ட ஸ்ப்ரே மெஷினை வாங்கி, வண்டியை வாசலுக்குத் தள்ளி, ஒரு பக்கமா சாய்ச்சு வச்சு அடிச்சேன். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாக்கணுமாம், எனக்கு யாரும் சொல்லல. எதிர்வீட்டுத் தறிக்காரர் சிட்டிபாபு அன்னைக்குத்தான் தெரு நீளத்துக்குப் பாவு நூலை நீட்டி, கஞ்சி போட்டுக் காயவச்சிருந்தார். சந்தனக் கலர் பட்டுப் பாவு. நான் மெஷினை நிறுத்திட்டுத் திரும்பிப் பாத்தா அது அம்மை போட்ட மாதிரி இருக்குது. சிட்டிபாபு வாயில இருந்த வெத்தலையைத் துப்பிட்டு வந்து, "ஏமிடண்டி இதி?"ன்னு தெலுங்குல ஒரே வார்த்தைதான் கேட்டார். நான் காலைத் தொடாத குறை. மனுஷன் ஒரு நாள் பூரா யோசிச்சு, அரக்குக் கலர் நூலைக் குறுக்க ஊடையா குடுத்து நெய்ஞ்சிட்டார். புள்ளியெல்லாம் பொடிப் பூ புட்டா மாதிரி எழும்பி நின்னுது. பெயிண்ட் காஞ்சதுல புடவை வேற விறைச்சுக்கினு தானா நின்னுது. சம்பந்தி, அதுதான் முகூர்த்தப் புடவை. சம்பந்தியம்மா அன்னைக்கு எங்க வீட்டுக்கு வந்தப்ப எதிர்வீட்டுத் தறியில பாத்துட்டு, "இப்படி மொடமொடன்னு அசல் பட்டு நான் கண்ணாலயே பாத்ததில்ல"ன்னு எடுத்தாங்களே, அதேதான். நானும் சிட்டிபாபுவும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கினு நின்னோம். துவைக்கும்போது மண்ணெண்ணெய் தேவைப்படலாம்னு சம்பந்தியம்மாகிட்ட பக்குவமா சொல்லிடுங்க.

இப்ப இந்தச் சங்கதியெல்லாம் போன்ல சொல்லாம ஏன் கடுதாசி எழுதுறான்னு நீங்க நினைக்கலாம். என் போன் காருக்குள்ள இருக்குது. உள்ளன்னா சீட்டுல இல்ல, கதவுக்குள்ள. கதவு, சட்டம் மாதிரி கை நுழையாத இடத்துலதான் துரு ஒளிஞ்சிருக்கும், அங்க மெழுகு விடணும்னு மணியம்மா போன்ல ஒருத்தன் படம் போட்டுக் காட்டினான். மெழுகுவத்தி எட்டு டஜன் வாங்கி, மணியம்மாவோட இட்லிக் குண்டான்ல உருக்கி (அன்னையிலருந்து எங்க வீட்டு இட்லி தட்டுல ஒட்டறதே இல்ல), போன வாரம் புதன்கிழமை கண்ணாடி எறங்குற சந்து வழியா ஊத்தினேன். குனிஞ்சு ஊத்தும்போது சட்டைப் பையில இருந்த போன் அந்தச் சந்துக்குள்ள நழுவிப் போச்சு. ரெண்டு கையிலயும் கொதிக்கிற குண்டான். நிறுத்த முடியல, ஊத்திட்டேன். பட்டன் போன், சார்ஜ் ஒரு வாரம் நிக்கும். நீங்க கூப்பிடும்போதெல்லாம் கார் கதவு அடிச்சுக்கினு இருந்தது. போன ஞாயித்துக்கிழமையோட நின்னுபோச்சு, சார்ஜ் தீர்ந்திருக்கும். அதுக்கப்புறம் எனக்கு அந்த வண்டி கிட்ட போகவே மனசு வரல. மணியம்மா போன்ல பேசலாம்தான். அவ பக்கத்துல நின்னு கேப்பா.

இனிமேதான் மெயின் விஷயம். நீங்க ரஸ்ட் புரூபிங்னு சொல்லமாட்டீங்க, தமிழ்ப் பற்று, துருக்காப்புன்னுதான் சொல்வீங்க. நல்லதுதான். ஆனா மெழுகு ஊத்தினதுக்கு மறுநாள், வியாழக்கிழமை, என் போனை யாரும் எடுக்கலன்னு மணியம்மா நம்பருக்குக் கூப்பிட்டு, 'துரு'வை விட்டுட்டு, "காருக்குக் காப்பு போட்டாச்சான்னு கேட்டுச் சொல்லுங்கம்மா"ன்னீங்களாம். மறுநாள் ஆடி ரெண்டாம் வெள்ளி, எங்க எல்லையம்மனுக்குக் காப்பு கட்டுற நாள். சம்பந்தி இவ்ளோ பக்திமானான்னு மணியம்மாவுக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சாம். என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம, நேரா பூசாரி தர்மனைக் கூட்டியாந்து வண்டி முன்னால நிறுத்திட்டா. நான் குளிச்சுட்டு வர்றேன், தர்மன் மஞ்சள் கயித்தோட நின்னுக்கினு, "மனுசாளுக்குத்தான்மா காப்பு, காருக்கு எப்படிம்மா?"ன்னு இழுக்கிறார். அந்த நொடி கார் கதவுக்குள்ளருந்து உடுக்கைச் சத்தம் கேட்டுது. என் போன் ரிங்டோன் திருவிழா உடுக்கை, அது நாலு விரக்கடை மெழுகுக்குள்ளருந்து வந்தா பாதாளத்துலருந்து வர்ற மாதிரி இருக்குது. தர்மன் அப்படியே சாஷ்டாங்கமா விழுந்துட்டார். "ஆத்தாளே உத்தரவு குடுத்துட்டா"ன்னு எழுந்து, ஸ்டியரிங்ல மஞ்சளும் வேப்பிலையும் வச்சுக் காப்பைக் கட்டிட்டார். அந்த போன் கால் உங்களோடதுதான் சம்பந்தி. மணி எட்டு பத்துக்கு நீங்க கூப்பிட்டிருப்பீங்க, பாத்துக்குங்க.

காப்பு கட்டினது ஆளோ வண்டியோ, ஆடி இருபத்தஞ்சு கூழ் வாக்குற வரைக்கும் ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. இது எங்க ஊர்ல சின்னக் குழந்தைக்கும் தெரியும். நானும் தர்மன்கிட்ட கெஞ்சிப் பாத்தேன். "உங்க போனா அடிச்சுது, ஆத்தா இல்லையா? சரி, போனை எடுத்துக் காட்டுங்க"ன்றார். எங்கருந்து எடுத்துக் காட்ட?

இதோட நிறுத்திக்கினா பழியைத் தூக்கி ஆத்தா மேல போட்டுட்டு நான் தப்பிச்சுக்கலாம். ஆனா மனசு கேக்கல. காப்பு கட்டலன்னாலும் வண்டி வந்திருக்காது சம்பந்தி. அது ஸ்டார்ட் ஆகல. வந்த நாள்லருந்து ஒரு நாளும் ஆகல. ஞாயித்துக்கிழமைக்கு ஞாயித்துக்கிழமை உங்க வசந்த் பஸ் புடிச்சு வந்து, துரு தேய்க்கிறேன்னு ஷெட்டுக்குள்ள போவாரு. சுகாசினி கூட டார்ச் புடிக்கப் போவா. தூசி பறக்குதுன்னு கதவைச் சாத்திக்குவாங்க. கட்டிக்கப்போற பசங்க, பெரியவன் நான் உள்ள போனா நல்லா இருக்காதுன்னு வாசல்ல பேப்பரோட உக்காந்துக்குவேன். சாயந்தரம் ரெண்டு பேரும் கையெல்லாம் கருப்பா, சிரிச்சுக்கினே வெளிய வருவாங்க. அந்தச் சிரிப்பை நினைச்சுத்தான் இதை எழுதறேன். நான் ஒரு இலைப் பாயசத்துக்காக வாயை மூடிக்கினு இருந்தது, அதுங்க வாழ்க்கையில வந்து நிக்குதே.

எனக்கு ஒரே பொண்ணு. வாக்கு குடுத்தது நான், தவறினதும் நான். என்னை நாலு பேர் முன்னாடி நிக்கவச்சுக் கேளுங்க, கேட்டுக்கறேன். அவளை வேணாம்னு மட்டும் சொல்லிடாதீங்க சம்பந்தி.

இத்துடன் தங்களுக்கும் சம்பந்தியம்மாளுக்கும் எங்கள் வணக்கங்கள். மாப்பிள்ளை வசந்துக்கு ஆயுளும் ஆரோக்கியமும் பெருக ஆசீர்வாதம். தங்கள் தகப்பனாரின் படத்துக்கு முன் என் சார்பில் ஒரு கற்பூரம் ஏற்றி, மன்னிக்கச் சொல்லவும்.

இங்ஙனம்,
தங்கள் பதிலுக்குப் பயந்திருக்கும்,
கா. பூவராகவன்

பின்குறிப்பு (ஆடி 18, ஞாயிறு, காலை ஏழரை மணி): இதை வசந்த் கையில குடுத்தனுப்பலாம்னு ஷெட்டுக்குப் போனேன். வசந்த் இல்ல. சுகாசினி இல்ல. காரும் இல்ல. செவத்துல 'மகளிர் மட்டும்' போர்டு சாய்ச்சு வச்சிருக்குது. பக்கத்துல தேங்கா சைஸ்ல மெழுகு உருண்டை. அது மேல என் போன், தொடைச்சு, முழு சார்ஜோட இருக்குது. மணியம்மாவுக்கு ஆரம்பத்துலருந்தே எல்லாம் தெரியுமாம். "நீங்க வாரத்துல ஆறு நாள் பண்ணதை அவங்க ஏழாவது நாள் எடுத்தாங்க"ன்றா. கார் கம்பெனியில சுகாசினிக்கு வேலையே துரு வராமப் பாக்கறதுதானாம், இத்தனை வருஷத்துல நான் கேட்டதில்லயே. தரை, கதவு, அடிப்பாகம் எல்லாம் அவதான் புதுசா பண்ணியிருக்கா. இன்ஜினை வசந்த் பாத்தாராம். விடியக்காலையில முதல் பஸ்லயே வசந்த் வந்துட்டாராம், ரெண்டு பேரும் மாகறலுக்குக் கிளம்பிட்டாங்களாம். ஓட்டறது சுகாசினி. "வாக்கு குடுத்தது நீங்க, காப்பாத்தறது என் பொண்ணு, சும்மா போய் காபியைக் குடிங்க"ன்னு மணியம்மா சொல்லிட்டா. குடிச்சேன், பாதியில அழுதுட்டேன்.

அதனால மேல நான் எழுதினது எதுவும் இப்ப வண்டியில இல்ல. தைரியமா கீழ படுத்துகூடப் பாருங்க. புடவையில மட்டும் இருக்குது. போன் கிடைச்சிடுச்சே, இந்தக் கடுதாசி எதுக்குன்னு மணியம்மா கேக்கறா. எட்டுப் பக்கம் எழுதியாச்சு, கிழிக்க மனசு வரல, சிட்டிபாபு அந்தப் பக்கம் வண்டியில வர்றார், அவர் கையில குடுத்தனுப்பறேன்.

ஒரே ஒரு விஷயம். அவங்க எல்லாத்தையும் அவுத்தாங்க, காப்பை மட்டும் அவுக்கல. தர்மன் வாசல்ல வந்து உக்காந்துக்கினு இருக்கார். பகல்ல போனதை ஆத்தா பொறுத்துக்குவாளாம், விளக்கு வைக்கிறதுக்குள்ள எல்லைக்குள்ள வந்துடணுமாம். சொந்தபந்தத்துக்கெல்லாம் நல்லா காட்டுங்க, திருப்தியா சாப்பாடு போடுங்க, சாயந்தரம் மறக்காம திருப்பி அனுப்பிடுங்க சம்பந்தி. நான் காரைச் சொல்லல. ஆவணி பொறக்கிற வரைக்கும் அவ எங்க எல்லைதான்.