முட்டைக் கணக்குக் கேட்ட மாப்பிள்ளை

கிண்ணியா
9.7.1973

அன்பும் மரியாதையும் உள்ள மச்சான் ஹிஸ்புல்லா அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் நானும் என் மனைவியான உங்கள் ராத்தா ஜெஸீமாவும் மகள் லைலாவும் சுகம். நீங்கள் கொழும்பிலிருந்து பார்த்து அனுப்பிய மாப்பிள்ளையைக் கண்ட பிறகும் சுகமாக இருப்பதால்தான் அருள் என்கிறேன்.

வனசீவராசித் திணைக்களத்தில் உத்தியோகம், அடக்கமான பிள்ளை என்று எழுதியிருந்தீர்கள். ஞாயிற்றுக்கிழமை அந்த அன்ஸார் தாயாருடன் வந்தார். முழங்கால் மட்டுக்கும் சேறு. கதிரையில் இருந்ததும் கொப்பியைத் திறந்து, இங்கே உள்ளது நிரந்தரமான இனமா, வந்து போகிற இனமா என்று கேட்டார். வம்சம் விசாரிக்கிறார், பெரிய இடத்துப் பழக்கம் என்று நினைத்து, ஐந்து தலைமுறையாக இந்த மண்ணை விட்டு அசையாத இனம் என்றேன். எங்க மட்டும் பரவியிருக்கு எண்டார். கிண்ணியா தொடக்கம் மூதூர் மட்டும், தோப்பூரிலயும் கொஞ்சம் எண்டன். இந்தியக் கிளையா, பர்மாக் கிளையா எண்டார். என்ட மூத்தவாப்பாட தம்பி ரங்கூனுக்கு யாவாரத்துக்குப் போய் அங்கேயே கலியாணம் முடிச்ச கதையை ஆர் இவருக்குச் சொன்னதெண்டு யோசிச்சுக்கொண்டு, நாங்க இந்தியக் கிளை, பர்மாக்காரரோட போக்குவரத்து இல்ல எண்டன். சீனக் கிளைதான் குளிருக்கு இடம் மாறுமாம் எண்டார். பக்கத்துச் சீனன்குடாவில நமக்கு ஒருத்தரும் இல்ல தம்பி எண்டன். எல்லாத்தையும் எழுதினார் மச்சான். மூக்கு நுனியில மஞ்சளாக் கிடக்குமா எண்டும் கேட்டார். நான் உங்கட உம்மாட மூக்குத்தியை நினைச்சு, அது கிழடுகளுக்குத்தான், இளசுகளுக்கு இல்ல எண்டன். அதையும் எழுதினார்.

கடைசியில, "ஒரு தரத்துக்கு எத்தனை முட்டை போடும்?" எண்டு கேட்டாரே, அப்பதான் எனக்கு விளங்கினது. கதை முழுக்க எங்கட வேலிக்குப் பின்னால குளத்தில மேயிற புள்ளிமூக்குத் தாரா எண்ட காட்டு வாத்தைப் பத்தி. பொம்பிளை பார்க்க வந்தவர் வாற வழியில தாராவைப் பார்த்துப்போட்டார். உங்கட ராத்தா குசினி அடுப்படியில விழுந்து விழுந்து சிரிக்கிறா.

அதையும் பொறுத்தன். தாயார் எழும்பக்குள்ள, மகனுக்குக் கொழும்பில வேலை, நிக்காஹ் முடிய மருமகளைக் கூட்டிக்கொண்டு போறம் எண்டா. நம்மட ஊரில எப்பயாவது பொம்பிளை வீட்டை விட்டுப் போனதா? மாப்பிள்ளைதானே வந்து இருக்கிறது. லைலாக்கெண்டு நான் கட்டின வீட்டில ஆர் குடியிருக்கிற? ஒரே பிள்ளை மச்சான். அவ இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது. ஆகவே எமக்குச் சம்மதமில்லை என்பதை அவர்களுக்கு நாகரிகமாகச் சொல்லிவிடவும்.

மச்சிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ. அல்லாஹ் உங்களுக்கு நீண்ட ஆயுளையும், மாப்பிள்ளை பார்க்கும் விசயத்தில் நல்ல கண்பார்வையையும் தருவானாக.

இப்படிக்கு,
மு. கலீலுர் றஹ்மான்

பி.கு: உறையை ஒட்டச் சொல்லி லைலாட்டக் குடுத்தன். வாசிச்சுப் போட்டா. "என்னட்ட ஒருத்தரும் கேக்கல்லையே வாப்பா. பொம்பிளை பார்க்க வந்த இடத்தில முட்டையைக் கேக்கிற மனிசனுக்குப் பொய் சொல்ல வராது. நான் போறன்" எண்டா. மேல எழுதினதைக் கிழிச்சுப் போட்டு, சம்மதமெண்டு சொல்லுங்க. அவங்கட வீட்டுக்குக் கிட்ட சின்ன அறை ஒண்டு கிடைக்குமா எண்டும் பாருங்க. வருசத்தில ரெண்டு மாசம் அங்க வந்து நிக்கலாமெண்டு உங்கட ராத்தா சொல்றா. நான் சொல்லல்ல.